பொறி வேறு, சூடு வேறு

காற்றோடு தோதான அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜனைப் பற்றவைக்க 0.02 மில்லிஜூல் ஆற்றல் போதும். பாலியெஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்து இரும்புக் கதவைத் தொடும்போது விரல் நுனியில் சுருக்கென்று தட்டுகிறதே, அந்தப் பொறியில் இதைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் ஆற்றல் இருக்கும். அதாவது, நம் தோல் உணராத பொறிகூட ஹைட்ரஜனுக்குத் தாராளம். ஆனால் அதே ஹைட்ரஜனைச் சூடான இரும்புத் தகட்டால் பற்றவைக்க நினைத்தால், தகடு 560 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய வேண்டும். பெட்ரோல் ஆவியின் குணம் நேர் எதிர். அதற்குப் பொறி என்றால் ஹைட்ரஜனுக்கு வேண்டியதைப் போல் பத்து மடங்குக்கு மேல் தேவை. சூடு என்றால் ஏறத்தாழப் பாதி போதும்.

பொறிக்குப் பயந்தது சூட்டுக்கும் பயப்படும் என்பதில்லை. சூட்டுக்குப் பயந்தது சின்னப் பொறியைச் சட்டை செய்யாமலும் இருக்கலாம். தீப்பற்றும் வாயு உலவும் இடத்துக்கு விளக்கு, மோட்டார், சுவிட்ச், சென்சார் தேர்ந்தெடுக்கும் பொறியியல் முழுவதும் இந்த இரட்டைக் குணத்தின் மேல்தான் நிற்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல், “இருப்பதிலேயே விலை கூடியதை மாட்டிவிட்டால் சரி” என்று நினைப்பவர்கள் பணத்தையும் இழக்கலாம், ஆலையையும் இழக்கலாம்.

இந்தப் பாடத்தைப் படிக்கத் திசையன்விளையைப் போல் வாகான இடம் தமிழ்நாட்டில் குறைவு. செம்மண் தேரியும் பனையுமாக இருக்கும் இந்த ஊருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், மகேந்திரகிரி. அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் ராக்கெட் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிறது. தென்மேற்கே கடலோரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம். கிழக்கே, 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் ஏவுதளம். இவை போதாதென்று, எல்லாச் சிற்றூர்களையும் போல இங்கும் பெட்ரோல் பங்க் உண்டு, சமையல் எரிவாயு சிலிண்டர் குடோன் உண்டு. ஒவ்வொன்றிலும் காற்றில் கலக்கக்கூடிய பொருள் வேறு. ஆகவே மாட்ட வேண்டிய விளக்கும் வேறு.

முதல் கேள்வி

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியது: அந்தக் கருவி அந்த இடத்தில் இருந்துதான் ஆக வேண்டுமா?

சுவிட்சை நான்கு மீட்டர் தள்ளி, சுவருக்கு வெளியே வைக்க முடிந்தால் அதற்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. விளக்கை அறைக்கு வெளியே மாட்டி, கண்ணாடி வழியே உள்ளே ஒளி பாய்ச்ச முடிந்தால் அதுவே நல்ல வடிவமைப்பு. தரநிலைகளும் இதைத்தான் சொல்கின்றன. சிவகாசிப் பட்டாசு ஆலைகளின் மருந்து கலக்கும் கொட்டகைகளில் பகல் வெளிச்சத்தில் மட்டும் வேலை நடப்பதன் தர்க்கமும் இதுதான். ஆபத்து மிகக் கூடிய இடத்தில் மின்சாரத்தையே விலக்கி வைப்பது.

கூடங்குளத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் இன்னும் சுவையானது. 2011 மார்ச் 12 அன்று ஃபுகுஷிமாவின் முதல் உலைக் கட்டடமும், 14 அன்று மூன்றாவது உலைக் கட்டடமும் வெடித்தன. அவை அணு வெடிப்புகள் அல்ல. குளிர்ச்சி இழந்த எரிபொருள் கோல்களின் சிர்கோனியம் உறை, நீராவியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியிட்டது. அது கட்டடத்தின் மேற்பகுதியில் சேர்ந்து வெடித்தது. இப்படிச் சேரும் ஹைட்ரஜனை அகற்ற மின்விசிறி வைக்கலாம். ஆனால் விபத்து நேரத்தில் மின்சாரம் இருக்குமா? இருந்தாலும் விசிறியின் மோட்டாரே பொறி தந்துவிட்டால்? கூடங்குளம் உலைகளுக்குள் பொருத்தப்பட்டிருக்கும் ஹைட்ரஜன் மறுசேர்ப்பான்களுக்கு மின் இணைப்பே கிடையாது. வினையூக்கி பூசிய பரப்பில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பட்டவுடன் சுடர் இல்லாமல் இணைந்து நீராவியாகின்றன. அந்த வினையின் சூட்டில் காற்று மேலெழுந்து, கீழிருந்து புதுக் காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. சுவிட்ச் இல்லை, வயர் இல்லை, ஆகவே அவற்றால் பொறியும் இல்லை.

எங்கே, எவ்வளவு நேரம்?

மின்சாரம் இல்லாமல் முடியாது என்று முடிவானால் அடுத்த கேள்வி, வாயு அங்கே எவ்வளவு நேரம் இருக்கும் என்பது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 5572-உம் உலகத் தரநிலையான ஐ.இ.சி. 60079 வரிசையும் இடத்தை மூன்றாகப் பிரிக்கின்றன. வெடிக்கும் கலவை எப்போதும் அல்லது நெடுநேரம் இருக்கும் இடம் மண்டலம் 0. வழக்கமான வேலையின்போது அவ்வப்போது வந்துபோகும் இடம் மண்டலம் 1. ஏதாவது கோளாறு ஏற்பட்டால் மட்டும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் வரும் இடம் மண்டலம் 2. ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல், பத்திலிருந்து ஆயிரம் மணி நேரம், பத்து மணி நேரத்துக்கும் குறைவு என்று நடைமுறையில் ஒரு கணக்கு வைத்துக்கொள்வார்கள். ஆலை எலக்ட்ரீஷியன்கள் ‘ஜோன் ஒன்’, ‘ஜோன் டூ’ என்று சொல்வது இதைத்தான்.

திசையன்விளை பெட்ரோல் பங்க் ஒன்றில் நின்றாலே மூன்றையும் கண்ணால் பார்த்துவிடலாம். நிலத்தடித் தொட்டிக்குள், பெட்ரோல் மட்டத்துக்கு மேலுள்ள வெற்றிடம் மண்டலம் 0. வண்டிக்கு எண்ணெய் போடும் இயந்திரத்தின் கீழ்க்கூடு, பம்பும் குழாய் இணைப்புகளும் இருக்கும் பகுதி, மண்டலம் 1. அதைச் சுற்றித் தரையோடு தரையாகச் சில மீட்டர் மண்டலம் 2. தரையோடு தரையாக என்று சொல்லக் காரணம் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அது மேலே போகாது. பள்ளத்தைத் தேடி இறங்கும். கேபிள் ஓடும் கால்வாய், மழைநீர் வடிகால், மூடிபோட்ட குழி என்று தாழ்ந்த இடங்களில் போய்ப் படுத்துக்கொள்ளும். சமையல் எரிவாயுவும் அப்படித்தான். சிலிண்டர் குடோன்களுக்குத் தரைமட்டத்தில் காற்றுத் துளை வைப்பது அதனால்தான்.

ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசானது. அது கூரையை நோக்கிப் பாயும். கூரையின் உத்தரங்களுக்கு நடுவே உள்ள மடிப்பில் சேரும். பங்கில் கால்மாட்டில் தேட வேண்டிய ஆபத்தை, ஹைட்ரஜன் கூடத்தில் தலைக்கு மேல் தேட வேண்டும். மண்டல வரைபடத்தை ஒரு ஆலையிலிருந்து இன்னொரு ஆலைக்கு நகலெடுக்கக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

காற்றோட்டமும் வரைபடத்தை மாற்றும். அரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் தென்மேற்குக் காற்று, திறந்தவெளியில் கசியும் வாயுவையும் வாரிக்கொண்டு போகும். ஆனால் வடிவமைப்பாளர் அந்தக் காற்றை நம்பிக் கணக்குப் போடுவதில்லை. காற்று அசையாத இரவொன்றையும் கணக்கில் வைத்துத்தான் கோடு போடுவார்.

ஒரே வளாகம், இரண்டு எரிபொருள்

இப்போது மகேந்திரகிரிக்கு வருவோம். அங்கே சோதிக்கப்படும் எஞ்சின்களில் இரண்டு வகை நம் பாடத்துக்கு முக்கியம். ஒன்று, பி.எஸ்.எல்.வி., ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளின் இரண்டாம் நிலையில் இயங்கும் விகாஸ் எஞ்சின். அதன் எரிபொருள் யு.எச். 25: முக்கால் பங்கு யு.டி.எம்.எச். எனப்படும் டைமெதில் ஹைட்ரசின், கால் பங்கு ஹைட்ரசின் ஹைட்ரேட். மற்றொன்று, சி.இ. 20 போன்ற கிரையோஜெனிக் எஞ்சின். அதன் எரிபொருள் மைனஸ் 253 டிகிரியில் திரவமாக இருக்கும் ஹைட்ரஜன்.

தரநிலை ஒவ்வொரு வாயுவுக்கும் இரண்டு முத்திரை குத்துகிறது. முதல் முத்திரை, வாயுக் குழு. இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே எவ்வளவு குறுகிய இடைவெளி இருந்தால் அந்த வாயுவின் சுடர் கடந்து போக முடியாது என்பதை வைத்து இது முடிவாகிறது. புரோபேனுக்கு இந்த இடைவெளி 0.92 மில்லிமீட்டர், அது 2ஏ குழு. எத்திலீனுக்கு 0.65, அது 2பி. ஹைட்ரஜனுக்கு 0.29 மட்டுமே, அது 2சி, எல்லாவற்றிலும் கடுமையான குழு. மிகச் சிறிய பொறிக்கும் பற்றிக்கொள்ளும் வாயுதான் பெரும்பாலும் மிகச் சிறிய இடுக்கிலும் நுழைந்து போகும்.

இரண்டாவது முத்திரை, வெப்ப வகுப்பு. கருவியின் பரப்பு அதிகபட்சம் எவ்வளவு சூடாகலாம் என்பதை இது சொல்கிறது. டி1 என்றால் 450 டிகிரி, டி2 என்றால் 300, டி3 200, டி4 135, டி5 100, டி6 85. ஹைட்ரஜன் தானாகப் பற்றும் வெப்பம் 560 என்பதால் அதற்கு டி1 கருவியே போதும், அதாவது இருப்பதிலேயே தளர்வான வகுப்பு. யு.டி.எம்.எச். 240 டிகிரி அளவிலேயே பற்றிக்கொள்ளும் என்பதால் அதற்கு டி3 வேண்டும். ஆனால் அதன் வாயுக் குழு 2பி-தான்.

இதன் விளைவைக் கவனியுங்கள். ‘2சி டி1’ என்று முத்திரையிட்ட விளக்கு ஹைட்ரஜன் பகுதிக்குச் சரியானது. அதைக் கழற்றிக்கொண்டு போய் யு.டி.எம்.எச். பகுதியில் மாட்டினால் அதன் சூடான கண்ணாடியே தீக்குச்சியாகலாம். ‘2பி டி3’ விளக்கு யு.டி.எம்.எச். பகுதிக்குச் சரி; ஹைட்ரஜன் பகுதியில் அதன் இடுக்கு வழியே சுடர் தப்பிவிடும். ஒன்றைவிட மற்றொன்று உயர்ந்தது என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் 2சி-யும் டி3-உம் ஒன்றாக உள்ளதையோ, அதற்கும் கடுமையான 2சி டி4-ஐயோ வாங்க வேண்டும். பராமரிப்புக் கிடங்கில் விளக்குகள் மாறிப்போகும் வாய்ப்பு உள்ள இடங்களில் அப்படி ஒரே வகையை வாங்கிவைப்பதே புத்திசாலித்தனம்.

வெப்ப வகுப்பின் கடைசிப் படியான டி6 எதற்கு என்று தோன்றலாம். விஸ்கோஸ் இழை தயாரிக்கத் தேவைப்படும் கார்பன் டைசல்பைடு 90, 100 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். பவானிக் கரையில் சிறுமுகையில் ஒருகாலத்தில் இயங்கிய விஸ்கோஸ் ஆலை போன்ற இடங்களில் பொறியே வேண்டாம், மூடப்படாத நீராவிக் குழாய் போதும்.

இன்னொரு கண்ணியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க இயந்திரங்களில் ‘கிளாஸ்’, ‘டிவிஷன்’ என்று வேறொரு முறை இருக்கும். அதிலும் குழுக்களுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துகள் உண்டு. ஆனால் வரிசை தலைகீழ். ஐ.இ.சி. முறையில் ஏ மிகத் தளர்வானது, சி மிகக் கடுமையானது. அமெரிக்க முறையில் ஏ அசிட்டிலீனுக்கு, பி ஹைட்ரஜனுக்கு, டி புரோபேனுக்கு. இறக்குமதி செய்த பம்பின் தகட்டில் ‘குரூப் டி’ என்று பார்த்துவிட்டு, சி-யைவிடக் கடுமையானது போலும் என்று ஹைட்ரஜன் பக்கம் பொருத்தினால் தவறு முழுமையடையும்.

வெடிப்பை உள்ளே வைப்பதும், பொறியை ஒடுக்குவதும்

முத்திரைகள் தெரிந்த பிறகு, கருவி எந்த முறையில் பாதுகாக்கிறது என்று பார்க்க வேண்டும். முறைகள் பல உண்டு. அடிப்படையானவை இரண்டு.

ஆலைகளில் ‘எஃப்.எல்.பி.’ என்று சொல்லும் ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டியைப் பற்றிப் பலருக்கும் ஒரு தப்பெண்ணம் உண்டு: அது வாயுவை உள்ளே விடாது என்பது. உண்மையில் விடும். பெட்டி வெயிலில் விரிந்து, இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை மூச்சுபோல் இழுக்கிறது. காற்றில் வாயு இருந்தால் அதுவும் உள்ளே வரும். உள்ளே சுவிட்ச் பொறி தட்டினால் வெடிக்கவும் செய்யும். அந்த வெடிப்பைத் தாங்கும் அளவுக்குப் பெட்டி தடிமனாக வார்க்கப்பட்டிருக்கிறது. மூடிக்கும் பெட்டிக்கும் இடையே வழவழப்பாகக் கடைந்த அகலமான விளிம்பு ஒன்று உண்டு. வெந்த வாயு அந்த மயிரிழை இடுக்கு வழியே வெளியேறும்போது, சூடான பாலை இரண்டு டம்ளருக்கு இடையே ஆற்றினால் சூடு குறைவதுபோல், உலோகத்திடம் சூட்டைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்த புகையாக வெளியே வருகிறது. வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்கும் சக்தி அதற்கு இருப்பதில்லை. 1815-இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்கைக் கம்பி வலையால் மூடியபோது பயன்படுத்திய அதே தத்துவம்தான்.

இந்தத் தத்துவம் புரிந்தால், எஃப்.எல்.பி. பெட்டியை எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்பதும் புரிந்துவிடும். எட்டு போல்ட்டில் ஒன்றைத் தொலைத்துவிட்டு ஏழை முடுக்கினால் வெடிப்பின் அழுத்தத்தில் விளிம்பு விரியும். விளிம்பில் பெயிண்ட் அடித்தாலும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் கீறினாலும், உப்பு ஏறித் துருப்பிடித்தாலும் இடைவெளியின் அளவு மாறும். உபரித் துளையைச் சாதாரண பிளாஸ்டிக் மூடியால் அடைத்தால் வெடிப்பு அந்த மூடியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். கேபிள் நுழையும் இடத்தை இறுக்கும் கிளாண்டைச் சாதாரணமானதாகப் போட்டாலும் அதே கதை. யாரும் எண்ணிப் பார்க்காத ஒன்றும் உண்டு: பெட்டியின் விளிம்புக்கு நேரெதிரே சுவரோ இரும்புத் தூணோ இருந்தால், வெளியேறும் வாயு முட்டித் திரும்பிக் குளிரும் வாய்ப்பை இழக்கிறது. 2சி குழுவுக்கு 40 மில்லிமீட்டராவது விலகல் வேண்டும் என்கிறது ஐ.இ.சி. 60079-14, 2பி-க்கு 30, 2ஏ-க்கு 10.

இரண்டாவது முறை இதற்கு நேர்மாறு. வெடிப்பை அடக்காமல், வெடிக்க வைக்கும் அளவு ஆற்றலையே கம்பிக்குள் அனுப்பாமல் இருப்பது. இதன் பிறப்பு ஒரு துயரத்தில். 1913 அக்டோபர் 14 அன்று வேல்ஸ் நாட்டு செங்கனித் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 439 தொழிலாளர்கள் இறந்தார்கள். மணியடிக்கப் பயன்பட்ட மின்கம்பிகளின் மேல் சந்தேகம் விழுந்தது. சுரங்கப் பாதை நெடுக இரண்டு வெற்றுக் கம்பிகள் ஓடும்; தொழிலாளி அவற்றைச் சேர்த்துத் தொடவைத்தால் தொலைவில் மணி ஒலிக்கும். சில வோல்ட் பேட்டரிதானே, என்ன ஆகும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். வீலர், தார்ன்டன் என்ற ஆய்வாளர்கள் பின்னர் கண்டது வேறு. ஆபத்து பேட்டரியில் மட்டும் இல்லை. மணியின் கம்பிச்சுருளில் தேங்கும் காந்த ஆற்றல், கம்பிகள் பிரியும் கணத்தில் பொறியாகக் கொட்டுகிறது. மின்னழுத்தம், மின்னோட்டம், சுருளிலும் மின்தேக்கியிலும் தேங்கும் ஆற்றல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எல்லைக்குள் வைத்தால், கம்பி அறுந்தாலும் ஒட்டினாலும் வாயு பற்றாது. இன்று வால்வு, அழுத்தமானி, வெப்ப சென்சார் போன்றவற்றின் இணைப்புகளில் பெரும்பங்கு இந்த ‘உள்ளார்ந்த பாதுகாப்பு’ முறையில்தான் இயங்குகிறது. மண்டலம் 0-க்கு ஏற்ற மின்முறைகளில் முதன்மையானதும் இதுவே. ஆனால் இது சிறு கருவிகளுக்கு மட்டும். பத்துக் குதிரைத் திறன் மோட்டாரை இந்த முறையில் ஓட்ட முடியாது.

மோட்டாருக்கு எஃப்.எல்.பி., அல்லது பொறியே வராதபடி இணைப்புகளை இறுக்கி அமைக்கும் ‘கூடுதல் பாதுகாப்பு’ முறை. பெரிய கன்ட்ரோல் பேனலுக்கு, உள்ளே சுத்தமான காற்றை அழுத்தி நிரப்பி வாயுவை நெருங்கவிடாத முறை. சின்ன மின்னணுப் பலகைக்கு, முழுவதையும் ரெசினில் புதைத்துவிடும் முறை. எல்லாவற்றுக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. கருவியின் தகட்டில் ‘எக்ஸ் டிபி 2சி டி4 ஜிபி’ என்று இருந்தால்: வெடிப்புச் சூழலுக்கானது; ஃப்ளேம்ப்ரூஃப் முறை; ஹைட்ரஜன் வரை தாங்கும்; பரப்பு 135 டிகிரியைத் தாண்டாது; மண்டலம் 1-இல் வைக்கலாம். ஐந்து துணுக்குகளில் ஐந்து கேள்விகளுக்குப் பதில்.

பஞ்சும் தூசும்

வாயு மட்டும் வெடிப்பதில்லை. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையை நம்பி நூற்பாலை நிறுவினார்கள். விக்கிரமசிங்கபுரம் அந்த ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர். நூற்பாலையின் காற்றில் மிதக்கும் பஞ்சுத் துகள்களுக்குத் தரநிலையில் தனி இடம் உண்டு: 3ஏ குழு. அரிசி ஆலைத் தூசு போன்றவை 3பி. அலுமினியத் தூள்போல மின்சாரம் கடத்தும் தூசு 3சி.

தூசின் சூழ்ச்சி வாயுவினுடையது அல்ல. கசிந்த வாயு காற்றோடு போய்விடும். தூசு இருந்த இடத்திலேயே படியும். மோட்டாரின் மேல் பஞ்சு போர்வையாகப் படிந்தால் மோட்டாரின் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறும். போர்வையின் அடிப்பகுதி கருகிக் கனன்றுகொண்டிருக்கும். யாராவது துடைக்கப் போய் அதைக் கிளப்பினால் தீ. ஆகவே தூசுக்கு இரண்டு வெப்பக் கணக்கு. காற்றில் பறக்கும் தூசு எந்த வெப்பத்தில் பற்றுமோ அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கருவி சூடாகக் கூடாது. ஐந்து மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்த தூசு எந்த வெப்பத்தில் கனலுமோ அதற்கு 75 டிகிரி கீழே கருவி நிற்க வேண்டும். இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் படியவிட்டால் இந்தக் கணக்கும் செல்லாது. இங்கே துடைப்பமும் பாதுகாப்புக் கருவிதான்.

எஃப்.எல்.பி. என்று எழுதியிருப்பதால் அந்தப் பெட்டி தூசுக்கும் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாயுவுக்கான பெட்டி உள்ளே வருவதை அனுமதிக்கிறது. தூசுக்கான பெட்டி உள்ளே வருவதைத் தடுக்க வேண்டும். தூசு இறுக்கத்துக்கான சான்று தனியாகத் தகட்டில் இருக்க வேண்டும்.

நம் வெயிலும் நம் உப்புக்காற்றும்

சான்றிதழில் பலரும் வாசிக்காமல் விடுவது சுற்றுப்புற வெப்பம். தகட்டில் வேறு எதுவும் குறிப்பிடவில்லை என்றால், அந்தக் கருவி மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரையுள்ள சூழலுக்குத்தான் சான்று பெற்றது என்று பொருள். பாளையங்கோட்டையில் கோடையில் நிழல் வெப்பமே 40-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. தகரக் கூரையின் கீழ், வெயில் படும் சுவரில், இன்னொரு மோட்டாரின் சூட்டுக்குப் பக்கத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். டி4 என்று முத்திரையிட்ட விளக்கு, 50 டிகிரிச் சூழலில் டி4-ஆக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே இந்தப் பகுதியில் கொள்முதல் ஆணை எழுதுகிறவர் ‘50 அல்லது 55 டிகிரி வரை சான்று பெற்றது’ என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வது நல்லது. மோட்டாரை வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வழியாக ஓட்டுவதானால், அப்படி ஓட்டும்போதும் சூடு எல்லைக்குள் நிற்கும் என்று சான்று சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மெதுவாக ஓடும் மோட்டாரின் சொந்த விசிறியும் மெதுவாகத்தான் சுழலும்.

உவரியிலிருந்து குலசேகரன்பட்டினம் வரையிலான கடற்கரையில் உப்புக்காற்று மற்றொரு கவலை. விளிம்பில் துரு ஏறினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். விளிம்புக்குப் பெயிண்ட் கூடாது; துருவைத் தடுக்கும், காலத்தால் இறுகிப்போகாத கிரீஸ் பூசலாம். போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும் என்று மாற்றும்போதும், சான்றிதழில் குறித்த வலிமைக்கு இணையானதா என்று பார்த்தே மாற்ற வேண்டும்.

சான்றிதழ் முடியும் இடம்

இந்தத் தரநிலைகள் எல்லாம் ஒன்றை ஊகித்துக்கொள்கின்றன: சுற்றியிருப்பது சாதாரணக் காற்று, அதில் ஆக்சிஜன் 21 விழுக்காடு, அழுத்தம் இயல்பானது. மகேந்திரகிரி போன்ற இடத்தில் இந்த ஊகம் எப்போதும் செல்லாது. கிரையோஜெனிக் எஞ்சினுக்குத் திரவ ஹைட்ரஜனோடு மைனஸ் 183 டிகிரித் திரவ ஆக்சிஜனும் வேண்டும். அது கசிந்து ஆக்சிஜன் செறிந்த காற்றில், பற்றவைக்கும் ஆற்றல் குறைகிறது, சுடரின் வேகம் கூடுகிறது. 2சி என்ற முத்திரைக்கு அங்கே பொருள் இல்லை. திரவ ஹைட்ரஜன் குழாயின் காப்புறை பழுதானால், அந்தக் குளிரில் வெளிக்காற்றே திரவமாகிச் சொட்டும்; அந்தச் சொட்டில் ஆக்சிஜனின் பங்கு வழக்கத்தை மீறிக் கூடியிருக்கும். விகாஸ் எஞ்சினிலோ எரிபொருளும் அதை எரிக்கும் நைட்ரஜன் டெட்ராக்சைடும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும். அங்கே பொறியைத் தடுத்து என்ன பயன்? தொட்டிகளைப் பிரித்து வைப்பதும், கசிவை உடனே கண்டுபிடிப்பதும், ஆட்களைத் தள்ளி நிறுத்துவதும்தான் பாதுகாப்பு. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் ஜி.எஸ்.எல்.வி. டி5-இன் இரண்டாம் நிலையில் எரிபொருள் கசிவு தெரிந்ததும், புறப்பட 74 நிமிடம் இருக்கையில் ஏவுதலை நிறுத்தினார்கள். அதே ராக்கெட், இரண்டாம் நிலை மாற்றப்பட்டு, 2014 ஜனவரி 5 அன்று இந்தியக் கிரையோஜெனிக் எஞ்சினோடு வெற்றிகரமாகப் பறந்தது.

வரைபடத்துக்கும் எல்லை உண்டு. 2009 அக்டோபர் 29 மாலை ஜெய்ப்பூரின் சீதாபுராவில் இந்தியன் ஆயில் கிடங்கில் வால்வு வேலையின்போது பெட்ரோல் பீறிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தடுக்க ஆளில்லாமல் கொட்டி, ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. பதினோரு பேர் இறந்தார்கள். தீ பல நாட்கள் எரிந்தது. எது பற்றவைத்தது? நிர்வாகக் கட்டடத்தில் இருந்த ஃப்ளேம்ப்ரூஃப் அல்லாத சாதாரண மின்கருவி, அல்லது யாரோ கிளப்பிய வண்டி என்று விசாரணைக் குழு கருதியது. நிர்வாகக் கட்டடத்தில் சாதாரணச் சுவிட்ச் இருப்பது விதிமீறல் அல்ல. அது மண்டலக் கோட்டுக்கு வெளியே இருந்தது. ஆனால் அந்தக் கோடு, பம்பின் கிளாண்டில் சொட்டும் கசிவையும் வால்வு விடும் மூச்சையும் கணக்கிட்டுப் போட்டது. நூற்றுக்கணக்கான டன் பெட்ரோலுக்கு முன்னால் கோடு நிற்காது. பெரிய கசிவைத் தடுக்க வேண்டியவை வால்வும், வேலைமுறையும், கசிவு அலாரமும். எஃப்.எல்.பி. பெட்டி அந்த வேலையைச் செய்யாது.

யார் பார்ப்பது?

இந்தியாவில் இந்தக் கருவிகளைச் சோதிக்கும் முதன்மையான இடங்களில் ஒன்று தன்பாத்தில் உள்ள மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம். பெட்ரோலியம் தொடர்பான இடங்களில் பொருத்த அனுமதி தருவது நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ எனப்படும் பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் தன் 37-ஆவது பிரிவிலேயே, வெடிக்கும் தூசும் வாயுவும் உள்ள இடங்களில் பற்றவைக்கும் வழிகள் அனைத்தையும் விலக்கவோ மூடிவைக்கவோ வேண்டும் என்று ஆலை நடத்துபவர் மேல் கடமையைச் சுமத்தியது. ஆக, சட்டத்துக்கும் சோதனைக்கூடத்துக்கும் குறையில்லை.

குறை வருவது அதற்குப் பிறகு. சோதனைக்கூடம் பார்ப்பது மாதிரிப் பெட்டியை. ஆலையில் இருக்கும் பெட்டியைப் பார்க்க வேண்டியவர் அங்கே வேலை செய்யும் எலக்ட்ரீஷியன். பராமரிப்புத் தரநிலை அவருக்கு மூன்று வகை ஆய்வை வகுக்கிறது: கண்ணால் பார்ப்பது, ஏணி போட்டு நெருங்கிப் பார்ப்பது, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறந்து பார்ப்பது. ஆய்வுகளுக்கு இடையே மூன்று ஆண்டுக்கு மேல் இடைவெளி கூடாது என்பது பொது விதி. எந்தப் பெட்டி எந்த மண்டலத்தில், எந்தச் சான்றெண்ணோடு இருக்கிறது என்ற பதிவேடு இல்லாவிட்டால் இதில் ஒன்றும் நடக்காது. பெட்டியில் புதிதாக ஒரு துளை போட்ட அந்த நிமிடமே சான்று செத்துவிடுகிறது என்பதை, துளை போடுகிறவருக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

குலசேகரன்பட்டினத்தைச் சுற்றி வரப்போகும் வேலைகளுக்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட ஐ.டி.ஐ. மாணவர்கள் பலர் போவார்கள். கடையில் போய் “எஃப்.எல்.பி. லைட் ஒன்று கொடுங்கள்” என்று கேட்பதுதான் இன்றைய வழக்கம். அப்படிக் கேட்டால் கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுப்பார். அவர்கள் கேட்கப் பழக வேண்டியது இப்படி: எந்த வாயுவுக்கு, எந்த மண்டலத்துக்கு, எந்த வெப்ப வகுப்பு, எத்தனை டிகிரி வெயில் வரை, தூசுக்கும் சான்று உண்டா, சான்றிதழ் நகல் எங்கே? இதற்குப் பதில் சொல்ல முடியாத கடையிலிருந்து திரும்பி வந்துவிடலாம். இதைக் கேட்கத் தெரியாத ஆளிடம் கொள்முதலை ஒப்படைத்திருக்கும் ஆலை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பாதுகாப்பை வாங்கவில்லை.